உங்களுக்குத் தெரியுமா? ஒற்றை எழுத்தில் ஒரு பெண் பெயர்

மெர்சிடிஸ் என்றதும் நம் நினைவுக்கு வருவது கார். ஆனால் அது முதலில் ஒரு சிறுமியின் பெயர், அதற்கும் முன்னால் அது ஸ்பெயினில் மாதாவின் பெயர். மெர்சிடிஸ் யெல்லினெக் 1889இல் வியன்னாவில் பிறந்தாள். அவளுடைய அப்பா எமில் யெல்லினெக், டைம்லர் நிறுவனத்தின் கார்களை வாங்கிப் பிரான்சின் நீஸ் நகரத்துப் பணக்காரர்களுக்கு விற்றுவந்தவர். கார்ப் பந்தயங்களில் மகளின் பெயரையே தன் புனைபெயராகக் கொடுத்துக் கலந்துகொண்டார். 1901இல் நீஸ் பந்தயங்களில் எல்லாரையும் முந்திய 35 குதிரைத்திறன் காருக்கு அந்தப் பெயரே நிலைத்தது. 1902இல் அதை வணிகப் பெயராகப் பதிந்தார்கள். அடுத்த ஆண்டு அப்பா தன் குடும்பப் பெயரோடும் மெர்சிடிஸைச் சேர்த்துக்கொண்டார். எமிலின் தந்தை வியன்னாவில் பெயர்பெற்ற யூத ரபி. ஒரு ரபியின் பேத்திக்குக் கன்னி மரியாளின் பட்டப்பெயர் வாய்த்து, அது உலகத்துச் சாலைகளில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது.

*

மெர்சிடிஸ் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது கைதிகளின் கதை. 13ஆம் நூற்றாண்டில் மத்தியதரைக் கடலின் இரு கரைகளிலும் போரும் கடற்கொள்ளையும் ஓயவில்லை. பிடிபட்டவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டார்கள். அவர்களை மீட்பதற்கென்றே 1218இல் பார்சிலோனாவில் பேத்ரோ நொலாஸ்கோ ஒரு துறவற சபையைத் தொடங்கினார். துறவிகளுக்குரிய கற்பு, வறுமை, கீழ்ப்படிதல் ஆகிய மூன்று வார்த்தைப்பாடுகளோடு இந்தச் சபையார் நான்காவதாக ஒன்றையும் எடுத்தார்கள். விசுவாசத்தை இழக்கும் ஆபத்தில் இருக்கும் கைதியை மீட்க வேறு வழியே இல்லை என்றால், அவனுக்குப் பதிலாகத் தாமே பிணையாக நிற்பது. சிலர் அப்படி நிற்கவும் செய்தார்கள்.

அந்தச் சபையின் பெயரான 'மெர்செத்' என்றால் தயவு, கருணையாகக் கொடுக்கும் கொடை. அந்தச் சபையின் மாதாவுக்குத் திருநாள் செப்டம்பர் 24. ஸ்பெயினின் சிறைச்சாலைகளுக்கு இன்றும் அவரே பாதுகாவலி. பெயர் மெர்சிடிஸ் என்றாலும் வீட்டில் கூப்பிடுவது மெர்ச்சே.

*

மரியா என்ற பெயர் ஸ்பெயினில் மிகப் பரவலானது. அதனால் அதை எழுத்துக்கு எழுத்து எழுதாமல், ஓர் எழுத்தும் அதன் தலைமாட்டில் ஒரு குட்டி எழுத்துமாகச் சுருக்கி எழுதுவது அங்கே வழக்கம். ஒரே தெருவில் பல மரியாக்கள் இருந்தால் எந்த மரியாவைக் கூப்பிடுகிறோம் என்று தெரிய வேண்டும் அல்லவா? அதற்கு வழிசெய்தவை மாதாவின் பட்டங்கள். தூணின் மரியா, வியாகுலங்களின் மரியா, பனியின் மரியா, தனிமையின் மரியா என்று குழந்தைகளுக்குப் பெயர் வைத்தார்கள். நாளடைவில் முன்னால் இருந்த மரியா பேச்சில் உதிர்ந்து, பின்னால் இருந்த சொல் மட்டும் நின்றது. பிலார் என்றால் தூண். டோலோரெஸ் என்றால் வேதனைகள். நியேவெஸ் என்றால் பனி. சொலெதாத் என்றால் தனிமை.

இந்தச் சொற்களில் பிலார், ரொசாரியோ, கொன்சுவெலோ, அம்பாரோ ஆகியவை ஸ்பானிய இலக்கணப்படி ஆண்பால். ஆனாலும் பெண்களுக்கு இயல்பாகப் பொருந்துகின்றன. காதில் விழாத மரியா அந்தப் பெயருக்குள் இன்னும் இருப்பதே காரணம்.

*

பிலார் என்ற பெயர் வந்தது சரகோசா நகரத்திலிருந்து. இயேசுவின் சீடரான யாகப்பரை, நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் சந்தியாகப்பர் என்று வணங்குபவரை, ஸ்பெயின் தன் முதல் வேதபோதகராகக் கொண்டாடுகிறது. மக்கள் மனம் திரும்பாமல் அவர் சோர்ந்துபோய் எப்ரோ ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தபோது, மரியாள் ஒரு சூரியகாந்தக் கல் தூணின் மேல் தோன்றித் தேற்றினார் என்பது மரபு. கி.பி. 40, ஜனவரி 2 என்று நாள்கூடச் சொல்வார்கள். அப்போது மரியாள் எருசலேமில் உயிரோடு வாழ்ந்துகொண்டிருந்தார் என்பது அந்த மரபின் தனிச்சிறப்பு. மற்ற காட்சிகள் எல்லாம் விண்ணேற்புக்குப் பிந்தியவை, இது மட்டும் முந்தியது.

அந்தத் தூண் இன்றும் சரகோசா பேராலயத்தில் இருக்கிறது. அதன் மேல் நிற்கும் சிறு சொரூபத்துக்கு மேலாடையை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். 1936இல் உள்நாட்டுப் போர் தொடங்கிய சில வாரங்களில் ஆலயத்தின் மேல் விழுந்த குண்டுகள் வெடிக்கவில்லை. அவற்றில் இரண்டை ஆலயச் சுவரிலேயே மாட்டி வைத்திருக்கிறார்கள். பிலார் மாதாவின் திருநாள் அக்டோபர் 12. 1492இல் கொலம்பஸ் அமெரிக்கக் கரையைக் கண்டதும் அதே நாளில்தான். இன்று அது ஸ்பெயினின் தேசிய நாள்.

*

பிறந்த குழந்தைக்கு 'வேதனைகள்' என்று யாராவது பெயர் வைப்பார்களா? டோலோரெஸ் என்பதைக் கேட்கும் வெளியாருக்கு முதலில் தோன்றும் கேள்வி இது. தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு இது புதிதாக இருக்காது. வியாகுல மேரி என்று நம் ஊரில் வைக்கும் பெயரும் டோலோரெஸும் ஒன்றே. மரியாளின் நெஞ்சில் ஏழு வாள்கள் பாய்ந்திருக்கும் படத்தைப் பலர் வீட்டில் பார்த்திருக்கலாம். சிமியோன் சொன்ன தீர்க்கதரிசனம், எகிப்துக்கு ஓடிப்போனது, 12 வயது மகனை எருசலேமில் தொலைத்துத் தேடியது, சிலுவை சுமந்த மகனை வழியில் சந்தித்தது, சிலுவையடியில் நின்றது, உடலை மடியில் வாங்கியது, அடக்கம் செய்தது. இவையே அந்த ஏழு.

இந்தப் பெயரை வைக்கும் தாய் தன் மகளுக்குத் துயரத்தை விரும்பவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தியின் கையில் தன் பிள்ளையை ஒப்படைக்கிறாள். பெற்ற குழந்தைகளில் பாதி தங்காமல் போன காலங்களில், வலி என்னவென்று அறிந்த மாதாவே குழந்தைக்கு நம்பகமான காவல் என்று கருதியிருக்கிறார்கள். அங்குஸ்தியாஸ், அதாவது மனவேதனை, என்ற பெயர் கிரனாடாவில் தலைமுறை தலைமுறையாக இருப்பதற்கும் இதுவே காரணம். அந்த நகரத்தின் பாதுகாவலி அங்குஸ்தியாஸ் மாதா.

*

ஸ்பெயினின் கம்யூனிஸ்ட் தலைவர்களில் உலகப் புகழ் பெற்றவர் டோலோரெஸ் இபாருரி. 1895இல் பாஸ்க் நாட்டுச் சுரங்க ஊர் ஒன்றில் பிறந்தவர். 1918இல் சுரங்கத் தொழிலாளர் பத்திரிகையில் அவர் எழுதிய முதல் கட்டுரை வெளிவந்தது புனித வாரத்தில். அதனால் 'பாசியோனாரியா' என்று புனைபெயர் இட்டுக்கொண்டார். கிறிஸ்துவின் பாடுகளின் பெயரால் அழைக்கப்படும் கொடியின் பூ அது. ஆக இயற்பெயர் மாதாவின் வியாகுலம், புனைபெயர் மகனின் பாடு. உள்நாட்டுப் போரில் மாட்ரிட் நகரத்தைத் திரட்டிய குரலுக்கு இந்த இரண்டு பெயர்களும் இருந்தன.

*

அம்பாரோ என்ற பெயரின் கதை ஒரு மருத்துவமனையில் போய் முடிகிறது. எனக்கு இந்த வரிசையில் மிகப் பிடித்தது இதுவே.

1409, பிப்ரவரி 24. வலென்சியாவில் ஜொஃப்ரே என்ற துறவி, பேராலயத்தில் பிரசங்கம் செய்யப் போய்க்கொண்டிருந்தார். வழியில் மனநலம் குன்றிய ஒருவரைச் சிலர் கேலிசெய்து அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைத் தடுத்துவிட்டு ஆலயத்துக்குப் போனவர், அன்று எழுதி வைத்திருந்ததை விட்டுவிட்டு, இப்படிப்பட்டவர்களுக்கென்று ஊரில் ஓர் இடம் வேண்டும் என்று பேசினார். கேட்டுக்கொண்டிருந்த வணிகர்கள் அங்கேயே முன்வந்தார்கள். மனநோயாளிகளுக்கென்று ஐரோப்பாவில் எழுந்த மிகப் பழைய மருத்துவமனைகளில் ஒன்று இப்படி உருவானது. இந்த ஜொஃப்ரே, கைதிகளை மீட்ட அதே மெர்செத் சபையைச் சேர்ந்தவர்.

மருத்துவமனையைச் சுற்றி ஒரு பக்த சபையும் வளர்ந்தது. கேட்பாரற்று இறந்தவர்களையும் தூக்கிலிடப்பட்டவர்களையும் அடக்கம் செய்வது அதன் பணிகளில் ஒன்று. சபையின் மாதாவுக்கு 'கைவிடப்பட்டோரின் அன்னை' என்று பெயர். அடக்கச் சடங்கின்போது அந்தச் சொரூபத்தைச் சவப்பெட்டியின் மேல் படுக்கவைப்பார்களாம். தலையணையில் தலை வைத்துப் படுக்கும்படி செய்யப்பட்டதால், நிற்கவைக்கும்போது தலை முன்னால் சாய்ந்து கூன் விழுந்ததுபோல் தெரியும். வலென்சியா மக்கள் அவரை அன்போடு 'ஜெபெருதேத்தா', சின்னக் கூனி என்று அழைக்கிறார்கள். கைவிடப்பட்டோர் என்பதற்கான 'தெஸாம்பாராதோஸ்' என்ற சொல்லே அங்கே ஒரு பெண் பெயர். அதிலிருந்து எதிர்மறையைக் களைந்தால் கிடைப்பது அம்பாரோ, அடைக்கலம். வலென்சியா குடும்பங்களில் ஒரு அம்பாரோ இருப்பது மிகச் சாதாரணம். நம் ஏலாக்குறிச்சியில் வீரமாமுனிவர் கோயில் எழுப்பிய அடைக்கல மாதாவும் இதே பொருளில் அழைக்கப்படுபவர்.

*

மெஸ்ஸி பிறந்த ஊர் அர்ஜென்டினாவின் ரொசாரியோ. சே குவேரா பிறந்ததும் அதே ஊரில். ரொசாரியோ என்றால் செபமாலை. 1571, அக்டோபர் 7 அன்று லெபான்டோ கடற்போரில் ஒட்டோமான் கப்பற்படை தோற்றது. அந்த வெற்றியைச் செபமாலையின் பலனாகக் கருதி, திருத்தந்தை 5ஆம் பத்திநாதர் அந்த நாளைத் திருநாளாக்கினார். ரொசாரியோ என்ற பெண்ணைச் செல்லமாக அழைப்பது சாரோ. ஸ்பெயினில் இது பெண் பெயர். தெற்கு இத்தாலியிலோ ஆண்களுக்கும் வைக்கிறார்கள்.

*

கார்மென் என்றால் பலருக்கு பிசேயின் ஓபராவும் அதன் நாயகியும் நினைவுக்கு வரும். பெயரோ இன்றைய இஸ்ரேலில் ஹைஃபாவை ஒட்டிய கார்மேல் மலையிலிருந்து வந்தது. எபிரேயத்தில் அது தோட்டம். அந்த மலையின் மாதா, தமிழில் உத்தரிய மாதா என்று அழைக்கப்படும் அதே அன்னை. ஜூலை 16 அன்று ஸ்பெயினின் மீன்பிடி ஊர்களில் சொரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலில் பவனி போவார்கள்.

*

1996இல் அமெரிக்கப் பாட்டுப் பட்டியலில் 14 வாரம் முதலிடத்தில் இருந்த 'மகரேனா' ஆட்டம் நம் ஊர்க் கல்லூரி விழாக்கள் வரை வந்தது. மகரேனா என்பது செவிய்யா நகரத்தின் ஒரு பேட்டை. அங்கே கண்ணீர் வழியும் முகத்தோடு இருக்கும் நம்பிக்கை மாதாவின் பெயரும் அதுவே. 1920இல் ஹொசெலித்தோ என்ற காளைச்சண்டை வீரர் களத்தில் இறந்தபோது, அந்த மாதாவின் சொரூபத்துக்குக் கறுப்பு உடுத்தித் துக்கம் காத்தார்கள். அவர் அந்த மாதாவுக்கு நேர்ந்துகொண்டு பச்சைக் கல் பதக்கங்கள் வாங்கிக் கொடுத்த பக்தர். பதக்கங்கள் இன்றும் மாதாவின் மார்பில் இருக்கின்றன.

*

இப்போது தலைப்பில் சொன்ன பெயருக்கு வருவோம். ஸ்பெயினில் 'மரியா தே லா ஓ' என்று ஒரு பெயர் உண்டு. பொருள், 'ஓ'வின் மரியா. ஓ என்ற உயிரெழுத்து மட்டுமே இங்கே பட்டம்.

கதை 656இல் தொடங்குகிறது. அப்போது டொலேடோ, விசிகோத் அரசர்களின் தலைநகரம். வானதூதர் மரியாளுக்கு மங்கள வார்த்தை சொன்ன திருநாள் மார்ச் 25. அது பெரும்பாலும் தவக்காலத்தில் விழும், சில ஆண்டுகளில் புனித வாரத்திலேயே விழும். நோன்பு நாளில் மகிழ்ச்சித் திருநாளை முறையாகக் கொண்டாட முடியாது. எனவே டொலேடோவில் கூடிய 10ஆவது ஆயர் மன்றம் அந்தத் திருநாளை டிசம்பர் 18க்கு, கிறிஸ்து பிறப்புக்கு ஒரு வாரம் முன்னதாக மாற்றியது. பிறகு உரோமை வழிபாட்டு முறை ஸ்பெயினுக்கு வந்தபோது மார்ச் 25 திரும்பவும் வந்தது. ஆனால் டிசம்பர் 18ஐ மக்கள் விடவில்லை. பிள்ளைப்பேற்றுக்குக் காத்திருக்கும் அன்னையின் திருநாளாக அது நிலைத்தது.

அந்த நாட்களில் மாலைச் செபத்தின்போது பாடும் முன்வாக்கியங்கள் ஏழு. டிசம்பர் 17 முதல் 23 வரை நாளுக்கொன்று. ஒவ்வொன்றும் மெசியாவை ஒவ்வொரு பெயரால் 'ஓ' என்று விளித்துத் தொடங்கும். ஸ்பெயினின் பழைய வழிபாட்டில் டிசம்பர் 18 மாலைச் செபம் முடிந்ததும் குருமார் எல்லாரும் சேர்ந்து நீண்ட ஒரு 'ஓ' எழுப்புவார்கள் என்பார்கள். உலகம் மீட்பருக்காக ஏங்கிய ஏக்கத்தின் ஒலியாம் அது. சொல்லோ வாக்கியமோ தேவைப்படாத ஒரு வேண்டுதல். அதைக் கேட்டுப் பழகிய மக்கள் அன்னைக்கு அந்த ஒலியையே பட்டமாகச் சூட்டிவிட்டார்கள்.

இலத்தீன் 'ஓ' எழுத்தின் வட்ட வடிவத்தில் சூல்கொண்ட வயிற்றையும் கண்டார்கள். ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் நிறைமாத வயிற்றின் மேல் கை வைத்து நிற்கும் மாதா சொரூபங்களை இன்றும் சில கோயில்களில் பார்க்கலாம். போர்ச்சுகீசியர்கள் இந்தப் பெயரைப் பிரேசிலுக்கும் கொண்டுபோனார்கள். சாவோ பாவுலோ நகரத்தின் ஒரு பழைய பகுதிக்கு 'ஃப்ரெகெசியா தொ ஓ' என்றே பெயர், ஓ மாதாவின் பங்கு என்று பொருள்.

சென்னைக்கும் இந்த அன்னை வந்திருக்கிறார். பரங்கிமலை உச்சியில் போர்ச்சுகீசியர்கள் 1523இல் எழுப்பிய ஆலயம் இதே மகப்பேற்றுக்குக் காத்திருக்கும் அன்னைக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்குள்ள கற்சிலுவை குருதி வியர்த்ததாக மரபு சொல்லும் முதல் நாள் 1558, டிசம்பர் 18. மலைப்படி ஏறிப் போய்வந்த பலருக்கும் அந்தத் தேதியின் வேர் டொலேடோவில் இருப்பது தெரிந்திருக்காது.

*

இந்தப் பெயரைத் தாங்கியவர்களில் மறக்கக் கூடாதவர் மரியா தே லா ஓ லெஹாராகா. 1874, டிசம்பர் 28 அன்று சான் மிய்யான் தே லா கொகொய்யா என்ற சிற்றூரில் பிறந்தார். ஸ்பானிய மொழியின் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று, ஓர் இலத்தீன் ஏட்டின் ஓரக் குறிப்புகளாக, அந்த ஊர் மடத்தில் கிடைத்தது.

லெஹாராகா பள்ளி ஆசிரியை. 1899இல் அவருடைய முதல் சிறு கதைப் புத்தகம் அவர் பெயரிலேயே வந்தது. வீட்டில் யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. இனி எந்தப் புத்தக அட்டையிலும் தன் பெயர் வராது என்று அன்று முடிவெடுத்ததாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். மறு ஆண்டு கிரிகோரியோ மார்த்தினெஸ் சியெராவை மணந்தார். அதன்பின் மேடையேறிய நாடகங்கள் எல்லாம் கணவர் பெயரில் வந்தன. 1911இல் பெரும் வெற்றி பெற்ற 'தாலாட்டு' நாடகமும் அப்படியே. மனுவெல் தே ஃபாயா இசையமைத்து 1915இல் அரங்கேறிய 'எல் அமோர் புரூஹோ'வின் பிரதியும் அப்படியே. கணவர் வேறொரு நடிகையோடு வாழப் போன பிறகும் அவருக்காக எழுதிக்கொடுத்தார். தன் நூல்கள் மனைவியோடு சேர்ந்து எழுதியவை என்று கிரிகோரியோ கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டது 1930இல்தான்.

1933இல் கிரனாடாவிலிருந்து சோசலிஸ்ட் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். உள்நாட்டுப் போருக்குப் பின் நாடு திரும்ப முடியவில்லை. 1947இல் கணவர் இறந்ததும் உரிமைத்தொகைக்காகத் தன் எழுத்தைத் தன் எழுத்தென்று நிறுவ வேண்டிய நிலை வந்தது. 1953இல் வெளிவந்த 'கிரிகோரியோவும் நானும்' என்ற நினைவு நூலில்கூடக் கணவரின் குடும்பப் பெயரோடுதான் கையெழுத்திட்டார். 1974இல் புவெனோஸ் ஐரெஸில், 100 வயதுக்கு ஆறு மாதம் இருக்கும்போது காலமானார். ஸ்பெயினில் இன்று அவர் நாடகங்கள் அவர் பெயரிலேயே திரும்ப வருகின்றன. பல ஆண்டுகள் தாமதமாக நடந்த நியாயம் என்றே இதைச் சொல்வேன்.

*

1990களில் டென்னிஸ் பார்த்தவர்களுக்கு அரான்சா சான்செஸ் விகாரியோவை மறந்திருக்காது. 1989, 1994, 1998 ஆண்டுகளில் பிரெஞ்சு ஓப்பன் வென்றவர். அவருடைய முழுப்பெயர் அரான்சாசு இசபெல் மரியா. பாஸ்க் மலைகளில் ஓன்யாத்தி ஊரருகே 15ஆம் நூற்றாண்டில் ஓர் இடையன் முள் புதரின் மேல் மாதா சொரூபத்தைக் கண்டு, 'முள்ளிலா, நீயா?' என்று வியந்து கேட்டதாகவும், பாஸ்க் மொழியில் அவன் கேட்ட அந்தக் கேள்வியே மாதாவின் பெயரானதாகவும் கதை.

இந்தப் பெயருக்கு ஓர் அரசியல் வரலாறும் உண்டு. உள்நாட்டுப் போரில் குடியரசை எதிர்த்த ஃபிராங்கோவின் அரசு 1938இல் ஓர் ஆணை பிறப்பித்தது. பதிவேட்டில் பெயர்கள் ஸ்பானிய மொழியில் இருக்க வேண்டும், கத்தோலிக்கர்களுக்குப் புனிதர் பெயராகவும் இருக்க வேண்டும். இன்யாக்கி, கெபா போன்ற பாஸ்க் பெயர்கள் தடைபட்டன. குடியரசுக் காலத்தில் லிபெர்தாத், அதாவது சுதந்திரம், என்று பெயர் பெற்ற சிறுமிகள் அடுத்த ஆண்டு பெயர் மாற்ற வேண்டிவந்தது. ஆனால் அரான்சாசு, பெகோன்யா, மொன்செராத் முதலியவற்றை அந்த ஆணை விட்டுவைத்தது. அவை மாதாவின் பெயர்கள். கட்டலோனியாவில் மொன்செராத் மலை மாதாவின் பெயரை ஒரு குழந்தைக்கு இட எந்தப் பதிவாளரும் மறுக்க முடியவில்லை. ஓபரா பாடகி மொன்செராத் கபாய்யே 1933இல் பெற்ற பெயர் அது. அவரவர் மொழியில் பெயர் வைக்கும் உரிமை 1977இல்தான் சட்டமாகத் திரும்பியது.

*

ஆண்களுக்கும் மாதா பெயர் உண்டு. ஹொசே மரியா என்றால் ஆண், மரியா ஹொசே என்றால் பெண். எது முன்னால் வருகிறது என்பதே கணக்கு. முன்னாள் பிரதமர் ஹொசே மரியா அஸ்னார் நினைவிருக்கலாம். இந்தப் பெயருடையவரைச் செல்லமாகச் சேமா என்பார்கள். ஓவியர் பிக்காசோவின் நீண்ட ஞானஸ்நானப் பெயர் வரிசையில் 'மரியா தே லோஸ் ரெமேதியோஸ்' என்ற பட்டம் இருக்கிறது. பரிகாரங்களின் மரியா.

அதே ரெமேதியோஸ் இன்னோர் ஓவியருக்கும் பெயர். 1908இல் பிறந்த ரெமேதியோஸ் வாரோவுக்கு முன்னால் ஒரு பெண் குழந்தை இறந்திருந்தது. அந்தத் துக்கத்துக்குப் பரிகாரமாக வந்தவள் என்று தாய் இந்தப் பெயரை வைத்ததாகச் சொல்வார்கள். வாரோ பின்னர் மெக்சிகோவுக்கு அகதியாகப் போய், தன் புகழ்பெற்ற ஓவியங்களை அங்கே வரைந்தார்.

மெக்சிகோவின் முதல் குடியரசுத் தலைவர் குவாதலூபே விக்தோரியா. பெற்றோர் வைத்த பெயர் அது அல்ல. சுதந்திரப் போரில் குவாதலூபே மாதாவின் கொடியின் கீழ்ப் போரிட்டவர், மாதாவின் பெயரையும் வெற்றி என்ற சொல்லையும் சேர்த்துத் தனக்கே சூட்டிக்கொண்டார்.

*

வெயில் கொளுத்தும் தூத்துக்குடியில் பனிமய மாதா. பனி பார்த்தே இராத கடற்கரையில் இந்தப் பெயர் எப்படி? 4ஆம் நூற்றாண்டில் உரோமையின் எஸ்குயிலின் குன்றில், கோடை உச்சமான ஆகஸ்ட் 5 அன்று பனி பெய்து, ஆலயம் கட்ட வேண்டிய இடத்தைக் காட்டியதாகக் கதை. போர்ச்சுகீசிய 'தாஸ் நேவெஸ்' பரதவர் நாவில் தஸ்நேவிஸ் ஆனது. ஸ்பெயினில் அதே சொல் நியேவெஸ். கேனரித் தீவுகளில் ஒன்றான லா பால்மாவின் பாதுகாவலி இவரே. 1680 முதல் ஐந்தாண்டுக்கு ஒருமுறை அவரை மலைக் கோயிலிலிருந்து நகரத்துக்கு எழுந்தருளச் செய்கிறார்கள். அந்தத் தீவில் நியேவெஸ் என்று கூப்பிட்டால் கட்டாயம் சிலராவது திரும்பிப் பார்ப்பார்கள்.

*

இந்தப் பெயர்கள் வீட்டுப் பேச்சில் சுருங்கும். கொன்செப்சியோன் கொன்சா ஆகும். கொன்சுவெலோ செலோ ஆகும். என்கர்னசியோன் என்கர்னா. மரியா தே லா சொலெதாத், மரிசோல். மரியா கார்மென், மாமென். மரியா ஹெசுஸ், சுஸ். இயேசு என்ற பெயரையே மகனுக்கு ஹெசுஸ் என்று வைப்பதும் ஸ்பானியருக்கு இயல்பு. ஐரோப்பாவின் பல நாடுகளில் அப்படி வைக்கத் துணிய மாட்டார்கள்.

*

ஒரு பெயர் எவ்வளவு அரிது என்று ஸ்பெயினில் கணக்குப் பார்க்க முடியும். தேசியப் புள்ளியியல் நிறுவனம், நாடு முழுக்க 20 பேருக்காவது உள்ள பெயர்களை வெளியிடுகிறது. அந்தப் பெயருடையவர்களின் சராசரி வயதையும் கொடுக்கிறது. அங்குஸ்தியாஸ், என்கர்னசியோன், பூரிஃபிகாசியோன் முதலிய பெயர்களில் அந்தச் சராசரி பாட்டிமார் வயதைக் காட்டுகிறது. மரியாளின் இறப்பைக் குறிக்கும் த்ரான்சித்தோ, கடந்துபோதல் என்று பொருள்படும் பெயர், இன்று புதிதாக யாரும் வைக்காத அளவுக்கு அருகிவிட்டது. ஈக்வடார் பழங்குடி மக்களின் நில உரிமைக்கும் பள்ளிகளுக்கும் போராடிய த்ரான்சித்தோ அமாகுவான்யா அந்தப் பெயரோடு ஏறத்தாழ நூறாண்டு வாழ்ந்து 2009இல் மறைந்தார்.

புர்கோஸ் மாகாணத்தில் உவெர்த்தா தே ரெய் என்று ஓர் ஊர். ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயரும் உள்ளவர்கள் பெருகிக் கடிதங்கள் ஆள் மாறிப் போனதால், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஊர் எழுத்தர் ஒரு யோசனை சொன்னார். பிறந்த நாளுக்குரிய புனிதரின் பெயரை உரோமை மறைசாட்சிகள் ஏட்டிலிருந்து எடுத்து வைத்துவிடலாம் என்று. அதிலிருந்து புர்குண்டோஃபோரா போன்ற, வேறெங்கும் கேள்விப்படாத பெயர்கள் அந்த ஊரில் சாதாரணமாயின. அரிய பெயருடையவர்களை உலகெங்கிலுமிருந்து வரவழைத்து அங்கே ஒரு சந்திப்பும் நடத்தினார்கள்.

*

செல்லப் பெயரை அப்படியே பதிவேட்டில் ஏற்ற ஸ்பெயினில் நெடுங்காலம் அனுமதி இல்லை. லோலா என்று வீட்டில் கூப்பிடலாம், பதியும்போது டோலோரெஸ் என்றே பதிய வேண்டும். 2007இல் அந்தத் தடை நீங்கியது. இன்றைய இளம் பெற்றோர்களிடம் டோலோரெஸ் அரிது, லோலா பரவலாகப் பிடித்த பெயர். வலியைக் குறிக்கும் ஒலி அதில் இல்லை என்பதால் பலர் அதை வெறும் இனிய பெயராக வைக்கிறார்கள். ஆயினும் ஸ்பெயினில் பிறந்தநாளைப்போலவே பெயர்த்திருநாளையும் கொண்டாடும் வீடுகள் உண்டு. அந்த வீடுகளில் சின்ன லோலாவுக்கு வாழ்த்து வருவது, குருத்து ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமையிலோ செப்டம்பர் 15இலோ, வியாகுல அன்னையின் திருநாளில்.